பவளப்பாறையின் ‘புல்வெட்டி’ சாகுது... நம்ம துறைமுகங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

கறுப்பு உருண்டை, அதைச் சுற்றி ஊசி ஊசியாக நீண்ட முட்கள். பயாலஜி புக்கில் ‘சீ அர்ச்சின்’ என்று படித்திருப்பீர்கள். தமிழில் கடல் முள்ளெலி. நம்ம பக்கத்து நீளமுள் வகையின் பெயர் டயடீமா செட்டோசம். உச்சியில் ஆரஞ்சு வளையம், சுற்றி ஐந்து வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அதுதான். மிதித்தால் முள் காலுக்குள்ளேயே உடைந்துவிடும். மன்னார் வளைகுடா பவளப்பாறைகளிலும் இது உண்டு.

இந்த இனத்தை ஒரு நோய் துரத்துகிறது. 2022-ல் கரீபியன் கடலில் இதன் உறவுக்கார இனம் கொத்துக் கொத்தாகச் செத்தது. காரணம் சிலியேட் எனும் ஒருசெல் உயிரி என்று 2023-ல் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு செங்கடலில் டயடீமா செட்டோசம் செத்தது, இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவிலும் நீளமுள் முள்ளெலிகள் செத்தன. அங்கேயும் அதே கிருமி. நல்லா இருந்த முள்ளெலி இரண்டே நாளில் முள் உதிர்ந்து வெறும் ஓடாகிவிடுகிறது.

செத்தா என்ன?

பாறையில் படரும் பாசியை மேய்வதுதான் இதன் வேலை. பாசி மூடினால் குட்டிப் பவளம் ஒட்டி வளர இடமே இருக்காது. 1983-ல் பனாமா கால்வாய் அருகே தொடங்கிய ஒரு நோய், சுமார் ஓராண்டில் கரீபியனின் நீளமுள் முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் கொன்றது. ஜமைக்காவில் 1977-ல் 52 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு, 90-களின் தொடக்கத்தில் 3 சதவீதம். பழி முழுக்க நோய் மேல் இல்லை. புயலும் அடித்தது, பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே அள்ளிவிட்டிருந்தார்கள். கடைசியாக மிச்சமிருந்த மேய்ப்பனும் போனதுதான் சிக்கல்.

மன்னார் வளைகுடாவும் தெம்பாக இல்லை. 2010, 2016-ல் வெப்பத்தால் பவளம் வெளுத்தது. குருசடைத் தீவில் வெளிநாட்டு கப்பாஃபைகஸ் பாசி பவளத்தின் மேல் படர்வது 2008-லேயே பதிவானது.

சரி, துறைமுகம் எங்கே வருது?

இந்தச் சாவுகள் துறைமுகங்களை ஒட்டியும் கப்பல் பாதையிலும் தலைகாட்டுவதால், கிருமி கப்பலில் வருகிறதோ என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். நிரூபணம் ஆகவில்லை. ஆனால் லோடு குறைவாக இருக்கும் கப்பல், பேலன்ஸுக்காக ஒரு ஊரில் கடல்நீரை ஏற்றி இன்னொரு ஊரில் கொட்டும். அதோடு உயிர்களும் வரும். இதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையே 2017-ல்தான் அமலுக்கு வந்தது.

தூத்துக்குடி துறைமுகம் பவளத்தீவுகளுக்கு பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கே காட்டுப்பள்ளி வேறு கதை. அங்கே மணலும் சேறும்தான், பவளம் கிடையாது. ஆனால் ஆண்டுக்கு சுமார் 2.5 கோடி டன் கையாளும் திறனை 32 கோடி டன்னாக்கும் விரிவாக்கத் திட்டம் அங்கேதான் முன்வைக்கப்பட்டது. பழவேற்காடு மீனவர்கள் கடலரிப்பையும் மீன்பாட்டையும் சொல்லி எதிர்க்கிறார்கள், நியாயம். கப்பல்கள் எங்கே ஏற்றிய தண்ணியை இங்கே கொட்டும் என்ற கேள்வியையும் நாம் கூடவே கேட்கணும். ஒரு துறைமுகத்துக்கு வந்தது, அடுத்த துறைமுகத்துக்குப் போக இன்னொரு கப்பல் போதும்.

நோய் வந்தால் முதலில் தெரியப்போவது லேபுக்கு இல்லை. பாம்பன் பக்கம் மூழ்கி பாசி எடுக்கும் பெண்களுக்குத்தான். பாறையைப் பிடிக்காமல், பகலிலும் வெட்டவெளியில், முட்கள் தொங்கிப்போய்க் கிடக்கும் முள்ளெலிதான் அடையாளம். அதை யாரிடம், எந்த நம்பரில் சொல்வது என்று அவர்களிடம் வனத்துறை இப்போதே சொல்லி வைக்கலாம். சாம்பிள் எடுக்க இருப்பது 48 மணி நேரம்தான்.