லண்டன் மாப்பிள்ளையா? ஜாதகத்தோட பே ஸ்லிப்பையும் கேளுங்க!

நாகல் நகருக்கு லண்டன் வரன் வந்தால் ஜாதகம் பார்ப்பாங்க, வேலையை விசாரிப்பாங்க, சம்பளத்தைத் தோராயமாகக் கேட்பாங்க. அந்தத் 'தோராயம்'தான் கல்யாணத்துக்கு அப்புறம் இடிக்கிறது.

பிரிட்டன் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர் மனைவியை அழைத்துக்கொள்ள, வரி பிடிப்பதற்கு முன் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்டணும். (வேலை விசாவில் இருப்பவர்களுக்கு விதி வேறு.) 2012 முதல் 18,600 ஆக இருந்த வரம்பு, 2024 ஏப்ரல் 11-ல் ஒரேயடியாக எகிறியது. 38,700 வரை போக இருந்ததை, ஆட்சி மாறியதும் நிறுத்திவைத்தார்கள்.

தொகையைவிட உறுத்துவது வேறு. திண்டுக்கல்லில் இருந்து விண்ணப்பிக்கும் பெண் இங்கே ஐடியில் எவ்வளவு சம்பாதித்தாலும் கணக்கில் சேராது. அவளும் சம்பாதிக்கிறவள் என்பதே அந்த விதிக்குத் தெரியாது! அப்பா "நான் பார்த்துக்கிறேன்" என்று எழுதிக் கொடுப்பது பொதுவாக எடுபடாது. நகை, வீட்டுப் பத்திரமும் அப்படித்தான். விற்றுப் பணமாக்கினால்தான் பேச்சு. சேமிப்பை மட்டுமே காட்டுவதென்றால் 88,500 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய், ஆறு மாதம் தம்பதியின் கணக்கில் கிடக்கணும். அன்பளிப்பாக வந்த பணம் ஓகே, கடன் கூடாது.

அமெரிக்காவில் வருமானம் போதாவிட்டால் இன்னொருவர் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். கனடாவில் துணையை அழைக்கப் பெரும்பாலும் இப்படி வரம்பே இல்லை. பிரிட்டனின் பிடிவாதத்துக்கு நியாயம் சொல்வது கஷ்டம்.

விதி மாறும்வரை, முகூர்த்தம் குறிக்கும் முன்பே ஆறு மாத பே ஸ்லிப், அந்தச் சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட் ரெண்டையும் கேட்டுடுங்க. மாப்பிள்ளை இப்போதுதான் கம்பெனி மாறியவர் என்றால், 12 மாதக் கணக்கு தேவைப்படும்.