தீவுக்குள் ஒரு தீவு

யாழ்ப்பாணத்துப் புனித மரியாள் சேமக்காலையில், நம்மவர் கல்லறைகளுக்கு இடையே, ஒரு பிரெஞ்சுக்காரரும் துயில்கின்றார். அவர் பிறந்தது பிரான்சு தேசத்து லே மான் நகரில், 1866ஆம் ஆண்டில். வாழ்ந்தது இலங்கையின் தென்கரையில் உள்ள வெலிகாமத்தில். கண்மூடியதோ நாவற்குழியில். தெற்கே மாளிகை கட்டியவருக்கு வடக்கே ஆறடி நிலம் வாய்த்த கதையை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

மொறிஸ் தல்வாந்த் என்பது அவர் இயற்பெயர். ஊர் அறிந்த பெயரோ டி மோனி பிரபு. இந்தப் 'பிரபு' என்னும் சொல்லிலேதான் சிக்கல் இருக்கின்றது. தந்தையார் வங்கி நடத்தியவர். பட்டத்தை மகனார் தாமே சூடிக்கொண்டார் என்பது பின்னாளில் அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் துணிபு. ஆயினும் அதனை நம்பியவர் பலர். 1898இல் இங்கிலாந்தின் ஸ்ராபோர்ட் பிரபுவின் மகளையே மணந்துகொண்டார் என்றால் பாருங்களேன்! பிரான்சிலே புகழ்பெற்ற அசே-லெ-றிடோ மாளிகையை வாடகைக்கு எடுத்து, ஆங்கிலச் செல்வர் வீட்டு இளைஞருக்குக் கல்வி புகட்டவும் முற்பட்டார். அம்முயற்சி நிலைக்கவில்லை, இல்லறமும் இனிக்கவில்லை, கைப்பொருளும் கரைந்தது.

தேயிலை வணிகத்தால் உலகப் புகழ் பெற்ற சேர் தோமஸ் லிப்டனின் விருந்தினராக 1912இல் அவர் முதன்முதல் இலங்கை மண்ணை மிதித்தார். மண்ணை மிதித்தார் என்பதைவிட, மண்ணில் மயங்கினார் என்பதே பொருந்தும். நம் நாட்டுத் தோட்டக்கலைபற்றி 1921இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதிவிட்டார். வெலிகாமத்தில் மரத்தளபாடப் பட்டறை ஒன்றை அமைத்து, தச்சரையும் செதுக்குவேலை வல்லாரையும் கூட்டி, தாம் வரைந்த மாதிரிகளின்படி கதிரை, மேசை, அலுமாரிகளைச் செய்வித்தார். பட்டம் சோறு போடாது என்பதை இதற்குள் அவர் உணர்ந்திருக்கவேண்டும்.

1925ஆம் ஆண்டளவில் வெலிகாமக் குடாவிலே, கரைக்கு அருகே, கற்பாறையும் பற்றையும் தென்னையுமாய் நின்ற ஒரு சின்னஞ்சிறு தீவு அவர் கண்ணிற் பட்டது. பரப்பு ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். நாகத்தைக் கொல்ல மனமில்லாத ஊரார், பிடித்த பாம்புகளைக் கொண்டுபோய் விட்ட இடம் அது என்று ஒரு கதையும் உண்டு. நாமாயின் அக்கதை கேட்டதும் திரும்பிப் பாராது நடந்திருப்போம். அவரோ அதனை வாங்கி, பண்டைய கிரேக்கர் இலங்கைக்கு இட்ட பெயராகிய 'தப்ரபேன்' என்பதையே அதற்கும் சூட்டினார். பெயர் சூட்டுவதிலே வல்லவர் அல்லவா!

கல்லும் மரமும் சுண்ணாம்பும் கடல் கடந்தே அங்கு சேரவேண்டும். கடல் என்றாலும் வற்று வேளையில் முழங்காலளவு, இடுப்பளவு நீர்தான். ஆனால் தலையிற் சுமையோடு அலையில் நடப்பவனுக்கல்லவா தெரியும் அதன் ஆழம்! நடுவே எண்கோண மண்டபம். அதனைச் சூழ அறைகள். எப்பக்கம் திரும்பினும் கடலும் காற்றும். மாளிகையைச் சுற்றிப் பாறைச் சரிவிலே படிப்படியாகப் பூந்தோட்டம் எழுந்தது. உப்புக்காற்று வீசும் இடத்தில் ஒரு செடியைத் தழைக்கவைப்பது எளிதன்று. முற்றத்து மல்லிகையை வாடைக்காற்றிலிருந்து காக்கப் படாதபாடு படும் நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். அவருடைய தோட்டநூல் இரண்டாவது, இத்தீவின் பெயரையே தாங்கி 1937இல் வெளிவந்தது.

1941 நவம்பரில், ஜப்பான் போரில் இறங்குவதற்குச் சில நாட்களே இருந்தபோது, நாவற்குழியில் ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தார். அங்கே மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. வயது 75. அடுத்த ஆண்டே தீவு ஏலத்திற் போயிற்று. பின்னர் 1952இல் அமெரிக்க எழுத்தாளர் போல் போல்ஸ் அதனை வாங்கி, சில காலம் அங்கிருந்து நாவல் எழுதினார். இன்று அது பயணிகள் வாடகைக்கு எடுத்துத் தங்கும் மாளிகை.

சில ஆண்டுகளுக்கு முன் பேர்த்தியுடன் மாத்தறைக்குப் போகும் வழியில் வெலிகாமத்தில் இறங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிறிது தூரம் நீரில் நடந்தோம். எதிரே மரங்களுக்கிடையே வெள்ளைத் தூண்கள் தெரிந்தன. கதை முழுவதையும் கேட்டவள் நின்று, "அம்மப்பா, அப்படியென்றால் அவர் பொய்க்காரரா?" என்றாள்.

"பட்டம் பொய்யாக இருக்கலாம், பிள்ளை. வீடு எதிரே நிற்கிறதே!" என்றேன்.

அவளுக்கு அது போதவில்லை. அலை வந்து பாவாடையை நனைத்ததையும் பாராமல் சற்று யோசித்துவிட்டு, "சேமக்காலையிற் கல்லிலே எந்தப் பெயரை எழுதியிருப்பார்கள்? தகப்பன் வைத்த பெயரையா, தானே வைத்த பெயரையா?" என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, அதனைச் சென்று பார்க்கவேண்டும் என்று அந்நாள்வரை தோன்றியதில்லை. ஊர் திரும்பியதும் இருவரும் போவதென்று முடிவு செய்துகொண்டு கரையேறினோம்.