டெட்டால் புட்டியை மூடி வையுங்கள்

நம் ஊரில் டெட்டால் என்றால் சிராய்ப்புக்கும் குளியலறைக்கும்தான். இங்கிலாந்தில் பழைய மினியேச்சர் சேகரிப்பவர் ஒருவர் பெரிய புட்டியாக டெட்டால் வாங்கினால், அநேகமாக அது பெயின்ட் உரிக்க. நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கோபிளினை, அதாவது உலோகத்தில் வார்த்த குட்டிப் பூதப் பொம்மையை, தண்ணீர் கலக்காத டெட்டாலில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பெயின்ட் கழன்று வந்துவிடும். அந்த நேரத்தில் மட்டும் தண்ணீர் படக் கூடாது. பட்டால் கழன்ற பெயின்ட் தார் மாதிரி இழுத்துக்கொண்டு திரும்ப ஒட்டும். இன்னொரு முறை டெட்டாலிலேயே அலசிவிட்டு, அதன் பிறகுதான் சோப்பும் தண்ணீரும். கை தேர்ந்தவர்கள் செய்தால் உலோகம் புதுசாகப் பளபளக்கும். அந்த வேலையே வேண்டாம் என்பது என் கட்சி.

விஷயம் புதிது என்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். மேசையில் நிறுத்தி ஆட வீரன், மந்திரவாதி, பூதம் எல்லாம் வேண்டியிருந்தது. அடுத்த வருஷமே சின்சினாட்டியில் ரால் பார்த்தா நிறுவனம் முளைத்தது. அதன் முக்கியச் சிற்பி டாம் மையர் அப்போது மீசை அரும்பாத வயதுப் பையன். இங்கிலாந்தில் பிரையன் ஆன்செல், விளையாட்டு நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப்புடன் சேர்ந்து, 1970களின் கடைசியில் நியூவார்க் என்ற சிறு நகரத்தில் சிட்டடெல் மினியேச்சர்ஸைத் தொடங்கினார். 1983இல் வார்ஹேமர் என்ற போர் விளையாட்டு வந்தது. அந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு கம்பெனிகள் பட்டியலிலேயே ஏறிவிட்டது. அது இன்றைய பிளாஸ்டிக் காலத்துச் செல்வம். நான் பேசுவது அதற்கு முந்தைய ஈயக் காலத்தை, கட்டைவிரல் உயரம்கூட இல்லாத உருவங்களை.

எனக்குப் பிழைப்பு நாட்டிங்ஹாமில் ஒரு பல் செட் லேபில். மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, உலோகம் ஊற்றுகிற வேலை. இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியாகவும் இருக்கலாம். மினியேச்சர் சிற்பிகள் பலர் கையில் வைத்திருப்பது பல் டாக்டர் கருவிகளைத்தான். நீலமும் மஞ்சளுமான இரண்டு பசைகளைப் பிசைந்தால் பச்சையாக ஒரு களிம்பு வரும், இறுகுவதற்குள் அதில் மூக்கு, பல், கவச மடிப்பு எல்லாம் எடுத்துவிட வேண்டும். பிறகு அந்த மூல உருவத்தை இரண்டு ரப்பர் வட்டுகளுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தினால் அச்சு தயார். அச்சைச் சுழலவிட்டு நடுவில் உருகிய ஈயக் கலவையை ஊற்றினால், சுழலும் வேகத்தில் உலோகம் விளிம்புவரை ஓடி ஒவ்வொரு குழியிலும் போய் நிறையும். கெவின் ஆடம்ஸ் செய்த கோபிளின் முகங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் என் தொழில் கர்வம் கொஞ்சம் அடங்கும். ஒவ்வொன்றும் ஒரு திருட்டுச் சிரிப்பு.

ஆனால் அச்சு என்றால் அச்சுதான். ஒரே கோபிளின் ஆயிரக்கணக்கில் கடைக்குப் போயிருக்கும். வாங்கியவன் பெயின்ட் அடித்த பிறகுதான் அது ஒற்றைப் பொருள் ஆகிறது.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்து பழைய சாமான் விற்பார்கள். அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவில் எனக்குக் கிடைத்த கோபிளினைச் சொல்கிறேன். காலடித் தகட்டில் 1985 என்று வார்த்திருக்கிறது. அடித்திருப்பது விமான மாடல்களுக்கான எனாமல், பளபளவென்று தடிமனாக. ஒரு கண் புருவத்தில் ஏறிவிட்டது. பல்லுக்கும் உதட்டுக்கும் ஒரே வெள்ளை. சட்டை மட்டும் நல்ல சிவப்பு, கேடயத்தில் நடுங்கிய கோட்டில் ஒரு மரம். நாட்டிங்ஹாம்காரனுக்கு விளக்கம் தேவையில்லை, அது ஃபாரஸ்ட் கால்பந்து கிளப்பின் சின்னம். 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கிளப் அது. எவனோ ஒரு பையன் தன் கோபிளின் படையை ஃபாரஸ்ட் கட்சியில் சேர்த்திருக்கிறான்.

இதைத்தான் சேகரிப்பாளர்கள் டெட்டாலில் போடச் சொல்கிறார்கள். சிற்பியின் நுணுக்கம் பெயின்ட்டுக்கு அடியில் மூழ்கிவிட்டதாம், அவரை மதிக்க வேண்டாமா என்கிறார்கள். மதிக்கிறேன். சிற்பியின் நுணுக்கம் பார்க்க வேண்டுமானால் இதே கோபிளின் வெறும் உலோகமாக ஏலத்துக்கு வரும்போது வாங்கிப் பாருங்கள். மரம் போட்ட கேடயம் எங்கே வரும்?

இதில் எனக்குத் தீராத வேடிக்கை ஒன்று உண்டு. இந்தச் சேகரிப்பாளர்களில் பலருக்கு 1980களின் பாணி என்றால் உயிர். கண்ணைப் பறிக்கும் சிவப்பு, மஞ்சள், அடித்தட்டின் விளிம்பில் பளிச்சென்ற பச்சை. அதை இன்று அப்படியே கொண்டுவர மாசக்கணக்கில் உழைக்கிறார்கள். உழைப்பதற்கு முன்னால் செய்வது என்ன? 1980களில் நிஜமாகவே அடித்த பெயின்ட்டை உரித்துச் சாக்கடையில் ஊற்றுவது.

விதிவிலக்கு உண்டு. ஈயம் அரிக்கும். ஓக் மரப் பெட்டியிலிருந்தும் சில வகை மரப்பலகைகளிலிருந்தும் அசிட்டிக் அமில ஆவி கசியும். ஈரக் காற்றும் சேர்ந்தால் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். பழங்கால ஓவியர்களுக்கு வெள்ளை நிறம் செய்யக் காடியும் சாணமும் வைத்து ஈயத்தைத் திட்டமிட்டு அரிக்கவிட்டதும் இதே வேதியியல்தான். பொடி பூத்த உருவத்தை உரித்துச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், கையுறை போட்டு, தூசி பறக்காமல் ஈரத்தோடு. அதற்கு முன் நாலு பக்கமும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இன்னொன்று, பிரஷ் முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கம்பெனிகள் ஈயத்தைக் கைவிட்டது 1990களில்தான். அதற்கு முந்தையது எதுவும் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

வெறும் உலோகமாகவே வந்தவற்றுக்குப் பெயின்ட் அடிக்க மாட்டேன் என்றில்லை. அதுதான் என் சனிக்கிழமை. வெள்ளை ப்ரைமர், அதன் மேல் பச்சை, பள்ளங்களில் ஓடும்படி நீர்த்த பழுப்பு மை, அது காய்ந்ததும் மூக்கு நுனியிலும் கன்னத்திலும் மஞ்சள் கலந்த பச்சை. பிரஷ்ஷில் உள்ள பெயின்ட்டை அநேகமாக முழுக்கத் துணியில் துடைத்துவிட்டுத்தான் மேடுகளில் தொட வேண்டும். பிரிக்காத அட்டையோடு அலமாரியில் வைத்து விலை ஏறுவதற்குக் காத்திருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. அவர்கள் ஒன்றையும் அழிக்கவில்லையே.

சந்தையின் கணக்கு என் பக்கம் இல்லை என்பது தெரியும். வெறும் உலோகத்துக்கு விலை அதிகம். பையன்கள் அடித்தது 'மோசமான நிலைமை' என்ற வரியோடு அடிமாட்டு விலைக்கு வரும். அதனால்தான் என் சம்பளத்தில் வாங்க முடிகிறது. நான் சொல்வதைக் கேட்டு எல்லோரும் இவற்றை மதிக்கத் தொடங்கினால் முதல் நஷ்டம் எனக்கு. நல்லவேளை, தமிழில் எழுதிவிட்டேன். இங்கே டிக்கியைத் திறந்து விற்பவர் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை.