பிளேனுக்கும் பங்கருக்கும் ஒரே அளவுத்திட்டம்

அரியாலையில நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு விமான நூதனசாலையின்ர மொடல் செய்யத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறம். கொட்டகை, வெளித்தரை, விமானங்கள், பாக்க வந்த சனம் எல்லாம் ஒரே பலகையில. வெளிநாட்டில இதை டயோராமா எண்டு சொல்லுவினம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ரெஜிபோமில எரிமலை செய்த ஆக்களுக்கு இது புது வேலை இல்லை. ஆனா இதில அளவு பிழைச்சால் எல்லாம் பிழைச்சுப்போகும்.

நாங்கள் எடுத்த அளவுத்திட்டம் 1:144. நிசத்தில 144 சென்ரிமீற்றர் இருக்கிறது மொடலில 1 சென்ரிமீற்றர். 8க்கு 4 அடிப் பிளைவூட் பலகை ஒண்டு இந்தக் கணக்கில கிட்டத்தட்ட 350 மீற்றர் நீளமும் 175 மீற்றர் அகலமுமான நிலம். 29 மீற்றர் இறக்கை விரிச்ச டக்கோட்டா 20 சென்ரிமீற்றர். வை-12 பன்னிரண்டு. புக்காரா பத்து. சியாய் மார்க்கெட்டி ஆறுக்கும் குறைவு, உள்ளங்கையில அடங்கும். நெளிவுக் காட்போட்டில கொட்டகைத் தகரம், ஈர்க்கில கம்பி வேலி. இதுவரைக்கும் எங்களுக்குள்ள சண்டை இல்லை.

பலகையில ஆருக்கு எவ்வளவு இடம் எண்ட கேள்வியிலதான் சண்டை தொடங்கினது.

யாழ்ப்பாணத்தில விமான நூதனசாலை இல்லை. நாட்டில உள்ளது இரத்மலானையில, விமானப்படையின்ர. ஆக, யாழ்ப்பாணத்துக்கு மேலால பறந்த விமானங்களைக் கிட்ட நிண்டு பாக்கிறதெண்டால் யாழ்ப்பாணத்தார் இரத்மலானைக்குப் போகவேணும். அங்க சியாய் மார்க்கெட்டி நிக்குது. புக்காரா நிக்குது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில தெற்கத்தைய இளைஞர்களுக்கு எதிராகப் பறந்த ஜெட் ப்ரொவோஸ்ட்டின்ர வகையும் நிக்குது. துடைச்சு, பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கினம். விமானம் முழு அளவில இருக்கு, ஓட்டினவரின்ர கதையும் இருக்கு. ஆனா அந்த விமானத்துக்குக் கீழ இருந்த ஊருக்கு அங்க என்ன அளவு?

எங்கட அம்மாக்களின்ர தலைமுறைக்கு இந்த விமானங்களைப் பக்கவாட்டில தெரியாது. கீழ இருந்துதான் தெரியும். அதைவிடச் சத்தத்தால தெரியும். அவை வைச்ச பேர்களைக் கேட்டுப்பாருங்கோ: சகடை, பொம்மர், சுப்பர்சொனிக், கிபிர். வன்னியில வேவு விமானத்துக்கு வண்டு. தயாரிச்ச கொம்பனி வைச்ச பேர் சிலது, சனம் வைச்ச பேர் சிலது. எந்தச் சத்தம் வந்தால் பங்கருக்க ஓடவேணும், எந்தச் சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம் எண்டு சின்னப்பிள்ளையளே சொல்லுங்கள். அந்த அறிவு எந்த நூதனசாலையின்ர பலகையிலயும் எழுதப்படேல்லை.

மொடல் விமானத்தின்ர வரலாற்றில கீழ இருந்து பாக்கிறவரின்ர வரலாறும் இருக்கு. 1942 இல் அமெரிக்கக் கடற்படை உயர்பள்ளி மாணவர்களிட்டை 5 லட்சம் மொடல் விமானங்கள் செய்து தரச்சொல்லிக் கேட்டது. அளவு 1:72, நிறம் கறுப்பு. 35 அடி தள்ளிப் பிடிச்சால் அரை மைல் தூரத்தில பறக்கிற விமானம் மாதிரித் தெரியும். வாறது எங்கட விமானமோ எதிரியின்ர விமானமோ எண்டு பழகிறதுக்காகச் செய்தது. அதாவது, அந்த மொடல் அலுமாரியில அடுக்கி அழகு பாக்கிறதுக்கில்லை, வானத்தைப் பாத்துப் பயந்தவனுக்கான கருவி.

நூதனசாலைகள் இதை மறக்கிறது இலங்கையில மட்டும் நடக்கிற காரியமில்லை. ஹிரோசிமாவில குண்டு போட்ட எனோலா கே விமானத்தை 1995 இல் வோசிங்டன் ஸ்மித்சோனியன் நூதனசாலை காட்சிக்கு வைக்க வெளிக்கிட்டது. கூடவே ஹிரோசிமாவில இருந்து வந்த பொருட்களையும், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின்ர கருகின சாப்பாட்டுப் பெட்டி உட்பட, வைக்கிறதாகத்தான் முதல் திட்டம். முன்னாள் படையினரின்ர சங்கங்களும் அரசியல்வாதிகளும் எதிர்த்தவுடன அந்தத் திட்டத்தைக் கைவிட்டினம். விமானத்தின்ர உடல்பகுதி காட்சிக்கு வந்தது, சாப்பாட்டுப் பெட்டி வரேல்லை. 2003 இல் இருந்து முழு விமானமும் வேறொரு பெரிய மண்டபத்தில வெள்ளி மாதிரி மினுங்கிக்கொண்டு நிக்குது.

அதனால எங்கட கருத்து இதுதான்: பலகையின்ர அரைவாசி நிலத்துக்கு. இடப்பக்கம் கொட்டகையும் விமானங்களும். வலப்பக்கம் ஓட்டு வீடு, கிணறு, வேலி, பனை, கோயில், வளவுக்குள்ள பங்கர். இரண்டுக்கும் ஒரே 1:144. 10 மீற்றர் வீடு 7 சென்ரிமீற்றர், ஒரு ஆள் 12 மில்லிமீற்றர். ஆறு சென்ரிமீற்றர் மார்க்கெட்டிக்குப் பக்கத்தில ஏழு சென்ரிமீற்றர் வீட்டை வைச்சுப் பாத்தால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். நாங்கள் தனியா ஒண்டும் எழுதி ஒட்டத் தேவையில்லை.

எங்களுக்குள்ள இரண்டு எதிர்ப்பு வந்தது. இரண்டும் ஞாயமானது.

ஒண்டு: குண்டு போட்ட விமானத்தை விளையாட்டுச் சாமான் ஆக்கிறது சரியோ? 1995 ஜூலை 9 இல் நவாலி தேவாலயத்தில தஞ்சம் இருந்த சனத்தில நூற்றுக்கு மேல செத்தது. அந்த நாளைப் புக்காராவின்ர பேரோட ஞாபகம் வைச்சிருக்கிற குடும்பங்கள் இஞ்ச இருக்கு. அவைக்கு முன்னால பெயின்ற் அடிச்ச புக்காராவை நீட்டேலாது எண்டது உண்மை. ஆனா அந்த விமானம் நாங்கள் செய்தாலும் செய்யாட்டியும் இரத்மலானையில நிக்கத்தான் போகுது. நவாலியையும் சேர்த்து வைக்கிற ஒரு மொடலை ஆரும் செய்யாட்டி, தனிய நிக்கிற விமானந்தான் மிஞ்சும்.

மற்றது: யுத்தத்தை விடுங்கோவன், நல்லதைச் செய்வம் எண்டது. நல்லதும் இருக்குத்தான். 1947 டிசம்பர் 10 இல் எயார் சிலோனின்ர முதல் பறப்பு, ‘சீதா தேவி’ எண்ட டக்கோட்டா, இரத்மலானையில இருந்து காங்கேசன்துறைக்கு வந்துதான் சென்னைக்குப் போனது. காங்கேசன்துறை எண்டு அப்ப எழுதினது பலாலியைத்தான். 2019 ஒக்டோபர் 17 இல் சென்னையில இருந்து ஏ.டி.ஆர். விமானம் வந்து அதே பலாலியில இறங்கினதும் வரலாறுதான். இரண்டும் எங்கட பலகையில நிக்கும். ஆனா அவை இறங்கின நிலமும் நிக்கவேணும். 1990 இல் வலிகாமம் வடக்கில இருந்து எழும்பின சனத்தில எல்லாருக்கும் இன்னும் காணி திரும்பிக் கிடைக்கேல்லை. 1 கிலோமீற்றர் ஓடுபாதை எண்டாலே மொடலில 7 மீற்றர், எங்கட பலகையில கொள்ளாது. ஆகவே ஒரு துண்டுதான் வைப்பம். அதின்ர ஓரத்தில வேலிக்கு அங்கால ஒரு வீட்டின்ர அத்திவாரத்தையும் வைப்பம்.

ஒரே அளவுத்திட்டம் எண்டால் அது எங்களுக்கும் பொருந்தவேணும். 1998 செப்ரெம்பர் 29 இல் பலாலியில இருந்து வெளிக்கிட்ட லயன் எயார் பயணிகள் விமானம் மன்னார்க் கடலில விழுந்தது. 55 பேர் போச்சினம், கனபேர் எங்கட சனம். சுட்டது புலிகள் எண்டுதான் விசாரணைகள் சொன்னது. அந்த அன்ரனோவும் பலகையில இருக்கவேணும். எங்களுக்குச் சங்கடமானதை ஒளிச்சால் எங்கட மொடலும் இன்னொரு இரத்மலானைதான்.

இதை வாசிக்கிற உங்களிட்டை ஒரு உதவி. வீட்டில மூத்தாக்கள் இருந்தால் மூண்டு விசயம் கேட்டுச் சொல்லுங்கோ. எந்த விமானத்துக்கு என்ன பேர் வைச்சிருந்தவை? அதின்ர சத்தம் எப்பிடி? வளவுக்க வெட்டின பங்கர் எத்தனை அடி நீளம், மேல பனங்குற்றி போட்டதோ மண்மூட்டை அடுக்கினதோ? விமானங்களின்ர அளவு இன்ரநெற்றில தசம தானம் வரைக்கும் கிடக்கு. பங்கரின்ர அளவு அவையின்ர ஞாபகத்தில மட்டுந்தான் கிடக்கு. பத்தடிப் பங்கர் எங்கட மொடலில 2 சென்ரிமீற்றர். அதைச் சரியா வைக்கவேணும்.