பாதரசம்: ஒரு பழைய வாத்தியாரின் வருத்தம்



நேற்று பேத்திக்குக் காய்ச்சல். பழைய கண்ணாடி தெர்மாமீட்டரை எடுத்து உதறினேன். மருமகள், "அது வேண்டாம் மாமா, டிஜிட்டல் இருக்கு" என்று வாங்கி வைத்துவிட்டாள். முதலில் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவள் செய்ததே சரி.

எட்டாம் வகுப்பில் உங்கள் உள்ளங்கையில் பாதரசத் துளியை விட்டு உருட்டிப் பார்க்கச் சொன்னவன் நான். கீழே சிந்தியதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவோம். அது சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதை நான் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

"அன்று விளையாடினோமே, என்ன ஆயிற்று சார்?" என்பீர்கள். நமக்கு அது ஒரு நாள் விளையாட்டு. தினமும் அதிலேயே வேலை செய்தவர்களை நினைத்துப் பாருங்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. உடல்நலம் கெட்டது என்று முறையிட்ட தொழிலாளர்களுக்கு 2016-ல்தான் உடன்பாடு கிடைத்தது.

"கவனமாக இரு" என்று சொல்வது சுலபம். ஆனால் கண்ணாடி உடையும், குழந்தையின் கை தவறும். மனிதரை எச்சரித்துக்கொண்டே இருப்பதைவிட, ஆபத்தான பொருளை மாற்றிவிடுவதே மேல். அது முடியாத காரியமும் அல்ல. சி.எஃப்.எல். விளக்கில் பாதரசம் உண்டு, எல்.இ.டி.யில் இல்லை. மாறினோம்; கரண்ட் செலவும் குறைந்தது. பாதரசத்தைக் குறைக்க 2013-ல் உருவான மினமாட்டா உடன்படிக்கையில் 2018-ல் இந்தியாவும் சேர்ந்துவிட்டது. டிஜிட்டலிலும் பேட்டரி இருக்கிறது, அதையும் கண்ட இடத்தில் எறியக் கூடாதுதான். ஆனாலும் உடைந்தால் வீட்டுக் காற்றில் விஷம் கலக்காது.

உங்களில் தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், மருத்துவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஆய்வகத்திலும் ஆஸ்பத்திரியிலும் பாதரசம் மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால் குழந்தைகளை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறங்கள். துடைப்பம் வேண்டாம், கெட்டி அட்டையால் திரட்டி மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். தயாரித்தவர் பெயரே இல்லாத சிவப்பழகு கிரீம்களையும் வாங்காதீர்கள்; அப்படிப்பட்ட சிலவற்றில் பாதரசம் இருப்பது தெரியவந்திருக்கிறது.

அன்று தவறாகக் கற்றுக்கொடுத்த ஒரு பாடத்தை இன்று திருத்திக்கொள்கிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்