டப்பாவுக்கு எதுக்குங்க வளையல்?

எங்கள் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடியில் ஓர் அம்மாள் இருக்கிறார். கணவர் இல்லை. தையல் மெஷின்தான் வருமானம். ஒரே பையன், விஸ்காம் படிக்கிறான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணா, ஒரு சந்தேகம். பையன் கேமரா வேணும்ங்கறான். ரெண்டு லட்சமாம். அது இல்லாட்டி படம் நல்லா வராதுன்னு கடையில சொன்னாங்களாம். நெசந்தானா?"

நான் அரை மணி நேரம் பேசினேன். லென்ஸ், வெளிச்சம், பழக்கம் என்று என்னென்னவோ சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் நாலு பவுன் வளையல் பேங்க்குக்குப் போயிற்று. கேமரா வீட்டுக்கு வந்தது.

இப்போது அது எங்கே இருக்கிறது தெரியுமா? இரும்பு பீரோவுக்குள். பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் பாக்கெட் நாலு. பீச்சுக்கு எடுத்துப் போவதில்லை, உப்புக் காற்று. பஸ்ஸில் எடுத்துப் போவதில்லை, கூட்டம். மழையில் கேட்கவே வேண்டாம். "படமெல்லாம் எதுல எடுக்கறே?" என்றேன். "ஃபோன்லதான் அங்கிள்" என்றான், சங்கடமாகச் சிரித்துக்கொண்டே.

எனக்குப் பையன் மேல் கோபமில்லை. அவனை அப்படி நம்ப வைத்தவர்கள் மேல்தான் கோபம். அவர்கள் யார்? கடைக்காரர் ஒருவர். மீதி நாம்தான். நல்ல படம் ஒன்றைப் பார்த்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "என்ன கேமரா சார்?" அந்த அம்மாள் தைத்த ரவிக்கை கச்சிதமாக இருந்தால், "என்ன மெஷின்?" என்று யாராவது கேட்கிறோமா?

விஷயத்துக்கு வருகிறேன். ஃபிலிம் கேமராவின் பாடி என்பது என்ன? வெளிச்சம் புகாத ஒரு டப்பா. அதற்கு உண்மையில் இரண்டே வேலை. ஃபிலிமை இருட்டில் வைத்திருப்பது. சொன்ன நேரத்துக்கு மட்டும் ஜன்னலைத் திறந்து மூடுவது. படத்தை வரைவது லென்ஸ். அதை வாங்கி வைத்துக்கொள்வது ஃபிலிம். இருபதாயிரம் ரூபாய் பாடியில் போட்டாலும் இரண்டாயிரம் ரூபாய் பாடியில் போட்டாலும் ஃபிலிம் அதே ஃபிலிம்தான், 36-க்கு 24 மில்லிமீட்டர். டிஜிட்டலில் டப்பாவை மாற்றினால் சென்சாரும் மாறும். ஃபிலிமில் அந்தக் கதையே கிடையாது.

அதிலும் நீங்கள் மாட்டப்போவது வைட் ஆங்கிள் லென்ஸ் என்றால், டப்பாவுக்கு வேலை இன்னும் குறைவு. கணக்கைப் பாருங்கள்.

ஃபோகஸ்? 15 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து, தூரத்தை ஒரு மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு. 28 மி.மீ.யில்கூட எஃப் 11 வைத்தால் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் கவலையில்லை. அப்புறம் எதற்கு ஐந்நூறு இடத்தில் ஃபோகஸ் பிடிக்கிற மோட்டார்?

கை நடுக்கம்? டெலி லென்ஸ் நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். வைட் அப்படியில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் 1/15 செகண்டில்கூடக் கையாலேயே எடுக்கலாம்.

கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றுகிறதா? இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஜப்பானில் நாகானோ பக்கம் கோசினா என்று ஒரு கம்பெனி. 1756-ல் வியன்னாவில் தொடங்கிய ஃபோக்ட்லெண்டர் என்ற பழம்பெரும் பெயரை உரிமம் பெற்றுப் போட்டு, 1999-ல் ஒரு கேமராவை வெளியிட்டது. பெஸ்ஸா எல். அதில் வியூஃபைண்டரே கிடையாது. ஃபோகஸ் பார்க்கும் வசதியும் கிடையாது. கண்ணை வைத்துப் பார்க்க ஓட்டையே இல்லாத கேமரா! ஷட்டர் உண்டு, ஃபிலிம் சுற்றுகிற லீவர் உண்டு, வெளிச்சம் போதுமா என்று சொல்லச் சின்ன விளக்குகள் உண்டு. அவ்வளவுதான். விலையும் மலிவு.

பைத்தியக்காரத்தனமா? இல்லை, நல்ல யோசனை. அதனுடன் வந்தவை 15 மி.மீ., 25 மி.மீ. என்று இரண்டு வைட் லென்ஸ்கள். தூரத்தைக் குத்துமதிப்பாக வைத்தால் போதும். ஃப்ரேம் பார்க்க, மேலே செருகிக்கொள்கிற குட்டி ஃபைண்டர். 15 மி.மீ. மூலைக்கு மூலை 110 டிகிரி பார்க்கும். உள்ளங்கைக்குள் அடங்கும். எப்படி இவ்வளவு சின்னதாகச் செய்ய முடிந்தது? எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடுகிறது. அதற்கு இடம் விட வேண்டும். நிக்கானில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் 46.5 மி.மீ. இடைவெளி. வைட் லென்ஸோ ஃபிலிமை ஒட்டி உட்கார ஆசைப்படுகிற ஜாதி. தள்ளி உட்கார வைத்தால் முன்னால் பெரிய பெரிய கண்ணாடிகளை அடுக்கிச் சமாளிக்க வேண்டும். பெஸ்ஸா எல்லில் ஆடுகிற கண்ணாடி இல்லை. இடைவெளி 28.8 மி.மீ.தான். லென்ஸ் இளைத்துவிட்டது. டப்பாவிலிருந்து சாமான்களை எடுத்ததால் லென்ஸுக்கு நன்மை!

இன்னொரு ரகசியமும் சொல்கிறேன், ஊரறிந்த ரகசியம். கேனான் டி60, நிக்கான் எஃப்.எம்.10, ஒலிம்பஸ் ஓ.எம்.2000. இந்த மூன்றையும் செய்து கொடுத்தது இதே கோசினாதான். பரம வைரிகள் மூன்று பேர், மலிவு மாடல் என்று வந்ததும் ஒரே சமையல்காரரிடம் சாப்பாடு வாங்கிப் பரிமாறியிருக்கிறார்கள். பெயர்ப்பலகைக்குச் சண்டை போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். 2006-ல் நிக்கான் பெரும்பாலான ஃபிலிம் கேமராக்களை நிறுத்தியபோது, உச்சியில் இருந்த எஃப்6-ஐ விட்டுவைத்தது. கூடவே விட்டுவைத்தது எதை என்கிறீர்கள்? அடியில் கிடந்த எஃப்.எம்.10-ஐ.

என்னிடம் இருப்பதும் ஓர் எஃப்.எம்.10. செகண்ட் ஹேண்ட். கூட ஒரு 28 மி.மீ. லென்ஸ். 2006-ல் அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம் நடந்தது. வீட்டு ஹாலில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால் எதிர்வரிசைக்குப் பத்தடி. குடும்பம் மொத்தமும் தோளோடு தோள் ஒட்டி நின்றது. அக்கா பையன் புதிதாக டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வாங்கியிருந்தான். என் 28-ஐயே வாங்கி அதில் மாட்டிப் பார்த்தான். "மாமா, ரெண்டு பேர் வெளில போறாங்க. கொஞ்சம் பின்னால போகணும்." பின்னால் சுவர்!

அவன் மேல் தப்பில்லை. அந்தக் காலத்து வாங்கக்கூடிய டிஜிட்டல்களில் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது. 28 மி.மீ. லென்ஸ் அதில் 42 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும். பத்தடி தூரத்தில் ஃபிலிமில் 28 மி.மீ. பன்னிரண்டே முக்கால் அடி அகலம் பிடிக்கும். அவன் கேமராவில் எட்டே கால் அடி சொச்சம்தான். முழு சைஸ் சென்சார் அப்போதே இருந்தது. 2002-ல் வந்த கேனானின் விலை ஏறக்குறைய எட்டாயிரம் டாலர். 2005-ல் வந்தது மூவாயிரத்துச் சொச்சம். எங்கள் வீட்டில் யாரிடமும் அவ்வளவு டாலர் இல்லை.

ஓரத்தில் நின்ற சித்தியையும், இந்தப் பக்கம் நின்ற சமையல்கார மாமாவையும் சேர்த்துப் பிடித்தது என் மலிவு டப்பாதான். அடுத்த வருடம் அப்பா இல்லை. சித்தியும் இப்போது இல்லை. அந்தப் படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு "என்ன கேமரா?" என்கிறார்கள். எனக்கு வருகிற எரிச்சலை என்ன சொல்ல?

பெரிய உதாரணம் வேண்டுமா? 1968 ஆகஸ்ட். சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைகின்றன. ஜோசப் கூடெல்கா என்ற இளைஞர் தெருவில் இறங்கிப் படமெடுக்கிறார். கையில் கிழக்கு ஜெர்மனியில் செய்த எக்ஸாக்டா. அதில் ஒரு 25 மி.மீ. வைட் லென்ஸ். டாங்கிக்குப் பக்கத்திலேயே போய் நின்று எடுத்த படங்கள் அவை. ரகசியமாக நாட்டைவிட்டு வெளியேறி, பெயர் போடாமல் அச்சாகி, 1969-ல் ராபர்ட் காப்பா தங்கப் பதக்கத்தையும் பெயர் தெரியாமலே வாங்கின. ஊரில் குடும்பம் இருந்ததால் அவர் வாயைத் திறக்கவில்லை. 1984-ல் தந்தை இறந்த பிறகுதான் எடுத்தது தான் என்று வெளியில் சொன்னார். அந்தப் படங்களில் இருப்பது கேமரா அல்ல, தைரியம். வைட் லென்ஸ் கேட்பதும் அதைத்தான். எல்லாவற்றையும் அடக்குவதற்காகத் தள்ளிப் போக அல்ல, கிட்டே போவதற்குத்தான் வைட். தள்ளி நின்று எடுத்தால் வானமும் வெறும் தரையும்தான் மிஞ்சும்.

இப்போது நீங்கள் கேட்கப்போகிற கேள்விகள்.

"ஃபிலிம் விலை தெரியுமா?" தெரியும். ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய ஆயிரம் ரூபாய் தாண்டுவது இன்று சாதாரணம். ஒரு க்ளிக் முப்பது ரூபாய் பக்கம். நம் ஊட்டியிலேயே 1967-லிருந்து 'இந்து' ஃபிலிம் தயாரித்த அரசு ஆலை இருந்தது. அதையும் மூடிவிட்டோம். இந்த வாதத்தில் உங்களுக்கு முழு மார்க். ஆனால் அந்த ரெண்டு லட்சத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பழைய பாடி, நல்ல 28 மி.மீ. லென்ஸ் ஒன்று, நூறு ரோல், கழுவுகிற செலவு. மூவாயிரத்து அறுநூறு படம். அதற்குப் பிறகும் கையில் காசு மிஞ்சும். மூவாயிரம் படம் யோசித்து யோசித்து எடுத்தவனுக்குப் படம் எடுக்க வராமல் போகுமா?

"முழு சைஸ் டிஜிட்டல்தான் இப்போது வந்துவிட்டதே?" வந்துவிட்டது. மூன்றாவது மாடிப் பையன் வாங்கியதும் அதுதான். பறவை, கிரிக்கெட், இருட்டு மண்டபத்தில் முகூர்த்தம் என்று பிழைப்புக்கு எடுப்பவர்களுக்கு பாடி முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு வேடிக்கை. ஃபிலிமை ஒட்டி உட்காரும் சின்ன வைட் லென்ஸ்கள் டிஜிட்டலில் ஓரத்தில் கலர் மாறி மக்கர் பண்ணும். வெளிச்சம் சாய்ந்து விழுவது சென்சாருக்குப் பிடிக்காது. அதற்காகவே கோசினா தன் 15 மி.மீ.யைத் திருத்திச் செய்து 2015-ல் வெளியிட வேண்டியிருந்தது. ஃபிலிம் அந்த அளவுக்கு முகம் சுளிப்பதில்லை.

"பழைய டப்பா ஏமாற்றிவிடாதா?" ஏமாற்றும், பார்த்து வாங்காவிட்டால். பின்கதவைத் திறந்து ஓரத்துக் கறுப்பு ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாருங்கள். கோந்து மாதிரி ஒட்டினால் மாற்ற வேண்டும். சின்ன வேலைதான். லென்ஸ் இல்லாமல் ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அழுத்துங்கள். இழுத்து இழுத்து மூடினால் வேண்டாம். எஃப்.எம்.10 மாதிரி மெக்கானிக்கல் பாடியாக இருந்தால் பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். மீட்டர் மட்டும்தான் தூங்கும். நம் ஊர் வெயிலில் மீட்டர் எதற்கு? 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிம், எஃப் 16, 1/125. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஒரே எச்சரிக்கை: ஃப்ரேமின் ஓரத்தில் மாமியாரை நிறுத்தாதீர்கள். வைட் லென்ஸ் ஓரத்து ஆட்களை அகலமாக்கிவிடும். அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

போன வாரம் லிஃப்ட்டில் அந்த அம்மாளைப் பார்த்தேன். வட்டி கட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார். "அண்ணா, உங்க பழைய கேமராவ அவன் கிட்ட ஒரு மாசம் குடுக்கறீங்களா? கீழ விழுந்தாலும் நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கதானே?" என்றார்.

சொல்ல மாட்டேன். கீழே விழுந்தால் விழட்டுமே! விழுகிற அளவுக்காவது ஒரு கேமரா தெருவுக்குப் போக வேண்டாமா? 28 மி.மீ. லென்ஸோடு கொடுத்திருக்கிறேன். ஒரு ரோல் என் செலவு. நேற்று சாயந்திரம் பார்த்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தான். தூறிக்கொண்டிருந்தது.

வளையல் இன்னும் பேங்க்கில்தான் இருக்கிறது.