டொரான்டோவில் தம்பதி, அம்பாசமுத்திரத்தில்?

அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் டொரான்டோவில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே இன்னொரு ஆணைச் சட்டப்படி மணந்திருக்கிறார். கனடா 2005 முதல் நாடு முழுக்க அதை அனுமதிக்கிறது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, ஊரோடு வந்துவிடலாம் என்று இருவரும் கிளம்பி வருகிறார்கள். இங்கே வந்து இறங்கியதும் அந்தத் திருமணம் என்ன ஆகிறது?

தானாக ரத்தாகிவிடும் என்பார் சிலர். அங்கே செல்லும் சான்றிதழ் இங்கேயும் செல்லத்தானே வேண்டும் என்பார் வேறு சிலர். இரண்டும் சரியில்லை. கனடாவில் அவர்கள் தம்பதிதான். அதைக் கலைக்க இந்தியச் சட்டத்துக்கு அதிகாரமில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து நம் தாலுகா அலுவலகம் அவர்களைத் தம்பதி என்று எழுதிக்கொள்ளாது.

வெளிநாட்டுத் திருமணம் வழக்குக்கு வந்தால் பொதுவாக இரண்டு கேள்விகள் எழும். நடத்திய முறை அந்த நாட்டுச் சட்டப்படி சரியா? மணந்தவர்களுக்கு அவரவர் நிரந்தரமாகக் குடியிருக்கும் நாட்டுச் சட்டப்படி தகுதி உண்டா? முதல் கேள்வியில் நம்மவர் தேறிவிடுவார். ஊரையே நிரந்தரக் குடியிருப்பாகக் கொண்டவர் என்றால் இரண்டாவதில் மாட்டிக்கொள்வார். அயல்நாட்டுத் திருமணச் சட்டம் என்று 1969-ல் வந்த ஒன்றும் உண்டு. வெளிநாட்டில் நடந்த திருமணத்தைத் தூதரகத்தில் பதிய அது வழிசெய்கிறது. ஆனால் மணமகனுக்கு 21 வயது, மணமகளுக்கு 18 என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த இரண்டு சொற்கள்தான் தடை. அமெரிக்காவில் மணந்த இரண்டு ஆண்கள், இந்தியத் துணைத் தூதரகம் பதிய மறுத்ததால் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2023 அக்டோபர் 17 அன்று, மணந்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்று ஒருமித்துச் சொன்னார்கள். சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் பாடு. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

‘மணமகள்’ என்ற சொல்லுக்கு நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு நடந்தது. 2018 அக்டோபரில் தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணந்துகொண்டார்கள்; பதிவு அலுவலகம் மறுத்தது. நெல்லைக்கும் உயர் நீதிமன்றமான மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தார்: இந்துத் திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் திருநங்கையும்தான், பதிவு செய்யுங்கள். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இந்த நிலைப்பாட்டை ஏற்றது. எனவே ஆண்–திருநங்கை திருமணம் வேறு, தன்பாலினத் திருமணம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புபவர்கள் படித்தவர்களிலும் உண்டு.

செல்லுமா செல்லாதா என்று ஒரே வார்த்தையில் கேட்பதைவிட, எதற்குச் செல்லும் என்று கேட்பது பயன் தரும். வாரிசுச் சான்றிதழுக்குச் செல்லாது. அம்பாசமுத்திரத்துக்காரர் இந்துவாக இருந்து, உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்து வாங்கிய வயல் அம்மாவுக்கு, அம்மா இல்லையென்றால் அப்பாவுக்கு, அவருக்கும் பிறகு உடன்பிறந்தோருக்கு. கூட வாழ்ந்தவர் வரிசையிலேயே இல்லை. கூட்டு வங்கிக் கணக்குக்கும் நாமினியாகப் போடுவதற்கும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. நல்லதுதான். ஆனால் நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்பவர், உரிமையாளர் அல்ல. பலருக்கு இது தெரிவதில்லை.

நடந்து முடிந்த திருமணத்துக்குப் பின்னால் சட்டம் வந்து சேர்வது நமக்குப் புதிதில்லை. 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்ற சுயமரியாதைத் திருமணங்களை, அண்ணா ஆட்சி 1967-ல் கொண்டுவந்த திருத்தம் பழையவற்றையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது. நேபாளத்தில் இன்னொரு விதமாக நடந்தது. உள்நாட்டில் ஒரு தன்பாலினத் திருமணமும் பதிவாகாத நிலையில், ஜெர்மனியில் மணந்த ஒரு நேபாளியின் துணைவருக்கு விசா தரும்படி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-ல் உத்தரவிட்டது. முதல் உள்நாட்டுப் பதிவு அதே ஆண்டு நவம்பரில். வெளியே நடந்ததை ஏற்பதும் உள்ளே நடத்திவைப்பதும் தனித்தனி முடிவுகள். நாடாளுமன்றம் முதலாவதை மட்டுமாவது எடுத்துப் பேசலாம் என்பது என் எண்ணம்.

அதுவரை அம்பாசமுத்திரத்துக்காரர் ஒரு பத்திர எழுத்தரைப் பார்த்து உயிலை எழுதிவைப்பது நல்லது. அதில் கணவர் என்று போட வேண்டியதில்லை. பெயரும் முகவரியும் போதும்.